பழைய கொம்பியூட்டர் எழும்பவில்லையா? பதற வேண்டாம்!

(தோட்ட வாசிகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர் கழகத்தினருக்கும் பெற்றோருக்கும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு ஓய்வு நாள் என்று பெயர்தான். விறகு எடுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும். அவ்வளவையும் ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மழையில் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கொம்பியூட்டர் படித்தவன் அல்ல. உயர்தரம் வரைக்கும் படித்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பாடசாலையில் கொம்பியூட்டரைப் படத்தில்தான் பார்த்தோம். பிறகு ஏன் இவர் பேச வந்தார் என்று கேட்பீர்கள். ஒரு பழைய கொம்பியூட்டர் எழும்பாமல் போனதால், நான் முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு அநியாயம் நடந்தது. அதில் என் பங்கும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தோட்டத்து மரண சகாய சங்கத்தின் கணக்கை ஒரு பெரிய கொப்பியில் எழுதி வந்தார்கள். சம்பள நாளன்று செயலாளர் தம்பி லயம் லயமாகப் போய் சந்தா வாங்குவார். யார் கொடுத்தார், எந்த மாதம் பாக்கி என்று கொப்பியில் பதிவார். வாசிகசாலைக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய கொம்பியூட்டர் ஒன்று வந்தது. "இனி எதுக்கு தம்பி கொப்பி? எல்லாத்தையும் இதுலயே ஏத்திடலாம்" என்று சொன்னவன் நான்தான். இரண்டு வருடக் கணக்கு அதற்குள் ஏறியது. கொப்பி எழுதுவதை நிறுத்தினோம். வேறு எங்கேயும் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அது எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்து ஏதோ வந்தது. தம்பி ஒரு பொத்தானை அமுக்கினார். விண்டோஸ் படம் வந்தது. உடனே ஒரு நீல நிறம் கண் சிமிட்டுகிற நேரம் வந்து போனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இப்படியே பத்து, இருபது தடவை. நானும் போய் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

அன்று இரவே மேல் பிரிவில் ஒரு ஆத்தா தவறிவிட்டார். அவருடைய மகன், "நாங்க மாசா மாசம் கட்டியிருக்கோம்" என்றார். கமிட்டியில் சிலர், "இல்ல, நாலஞ்சு மாசம் பாக்கி இருக்கு, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்கள். கணக்கைப் பார்த்துத் தீர்க்க வழியில்லை. பாக்கி இருந்தால் காசு கொடுக்கக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். "மெஷின் சரியாகட்டும், பாத்துட்டுக் குடுப்போம்" என்று முடிவு செய்தார்கள். நானும் தலையை ஆட்டினேன். இழவு வீடு காத்திருக்குமா? அந்த மகன் பெட்டி வாங்க வட்டிக்குக் கடன் எடுத்தார்.

மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த மெஷின் எப்படி எழும்புகிறது என்று தெரிந்துகொள்வோம். தெரிந்தால்தான் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிக்கலாம்.

காலைப் பிரட்டு மாதிரிதான்

நம்முடைய காலைப் பிரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆள் எழும்பி வர வேண்டும். பிறகு பெயர் கூப்பிட்டு யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பார்கள். அதன் பிறகு இன்ன மலைக்குப் போ என்று வேலை பிரிப்பார்கள். கடைசியில்தான் வேலை தொடங்கும்.

கொம்பியூட்டரும் அப்படித்தான். சுவிட்சை அமுக்கியதும் பவர் சப்ளை என்ற பெட்டி நம்முடைய 230 வோல்ட் கரண்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் என்று சின்னச் சின்னதாக மாற்றிக் கொடுக்கும். இது ஆள் எழும்புவது. பிறகு பெரிய பலகையில், அதாவது மதர்போர்டில் உள்ள பயோஸ் என்ற சின்ன நிரல், ரெம் இருக்கிறதா, கீபோர்ட் இருக்கிறதா, ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிடும். இது பிரட்டு. பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து எழும்ப வேண்டும் என்று பார்த்து விண்டோஸைக் கூப்பிடும். இது வேலை பிரிப்பது. விண்டோஸ் வந்து நாம் பார்க்கிற திரை வந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே "கொம்பியூட்டர் வேலை செய்யல" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். உயிரே இல்லையா? காற்றாடி சுற்றுகிறது, படம் இல்லையா? எழுத்து வந்து நிற்கிறதா? விண்டோஸ் பாதியில் விழுகிறதா? இந்த நாலில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் உயிர், பிறகுதான் மெஷின்

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். பெட்டியைத் திறப்பதென்றால் சுவரில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றி எடுங்கள். கழற்றிய பிறகு முன்னால் உள்ள பொத்தானை ஒரு பத்து செக்கன் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கிற கரண்ட் பெரும்பாலும் வடிந்துவிடும்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கிற கரண்ட் தங்கி நிற்கும். அதை மாற்றலாம், பிரிக்கக் கூடாது. எறும்பு கூடு கட்டியிருந்தாலும், பல்லி செத்துக் கிடந்தாலும் வெளியே இருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி விட்டு நோண்டாதீர்கள்.

இன்னொன்று. சில வீடுகளில் கொம்பியூட்டர் பெட்டியில் கை பட்டால் சுர்ரென்று இழுக்கும். "பேய் பிடிச்ச பெட்டி" என்று ஒரு வீட்டில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். பெரும்பாலும் அது அந்த வீட்டு பிளக்கில் எர்த் இல்லாததால் வருவது. மூன்று கால் பிளக்கின் பெரிய கால் எதற்கு என்றால் இதற்குத்தான். அந்தக் காலை வெட்டிவிட்டு இரண்டு காலைச் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவு செய்து அந்த வேலை வேண்டாம். லயத்து வயரிங் பழசு. ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளைங்க கை வைக்கிற பொருள் இது.

ஒன்று: உயிரே இல்லை

லைட் இல்லை, சத்தம் இல்லை. உடனே "போர்ட் எரிஞ்சு போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் அதே பிளக்கில் ஒரு போன் சார்ஜரையோ மேசை விளக்கையோ செருகிப் பாருங்கள். கரண்ட் வருகிறதா? வந்தால், நீட்டு வயரை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். நம் வீடுகளில் ஒரே நீட்டு வயரில் டீவி, ரைஸ் குக்கர், கொம்பியூட்டர் மூன்றும் தொங்கும். அந்த வயர்தான் பல நேரம் குற்றவாளி.

அடுத்தது பெட்டிக்குப் போகிற வயர். பெரும்பாலான பழைய மொனிட்டருக்குப் போகிற வயரும் இதே வகைதான். மொனிட்டர் வயரைக் கழற்றிப் பெட்டியில் செருகிப் பாருங்கள். எழும்பினால் வயர்தான் பழுது. பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். கூட்டும்போது துடைப்பம் பட்டு அது வட்டத்துப் பக்கம் விழுந்திருக்கும். கோட்டுப் பக்கம் போட்டால் சரி. பழைய பெட்டிகள் சிலதில் சிவப்பாக இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். 115, 230 என்று எழுதியிருக்கும். அது 230 இல்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக 115 க்குத் தள்ளிவிட்டு நம் கரண்டில் போட்டால் பட்டென்று வெடித்துவிடும்.

இவ்வளவும் பார்த்தும் உயிர் வரவில்லை என்றால் பவர் சப்ளை போயிருக்கலாம். அது தனியாக வாங்கி மாற்றக்கூடிய சாமான். அதற்காக முழுக் கொம்பியூட்டரையும் தூக்கி எறியத் தேவையில்லை.

இரண்டு: காற்றாடி சுற்றுகிறது, படம் இல்லை

மொனிட்டரின் சின்ன லைட்டைப் பாருங்கள். ஒரே நிறமாக எரியாமல் மஞ்சளாக மாறினால், அல்லது அணைந்து அணைந்து எரிந்தால், மொனிட்டருக்குக் கரண்ட் இருக்கிறது, ஆனால் பெட்டியிலிருந்து படம் வரவில்லை என்று அர்த்தம். நீலத் தலை வயரை இரண்டு பக்கமும் கழற்றி, ஊசிகள் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி செருகித் திருகாணியை முறுக்குங்கள். பெட்டியின் பின்னால் படம் வருகிற ஓட்டை இரண்டு இருந்தால் மற்றதிலும் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது காதுக்கு வேலை. போட்டதும் "பீப்" என்று ஒரு தடவை சத்தம் வந்தால் அனேகமான பெட்டிகளில் எல்லாம் சுகம் என்று அர்த்தம். விடாமல் நீட்டி நீட்டிக் கத்தினால் பெரும்பாலும் ரெம் சரியில்லை. ஒரு நீள சத்தமும் இரண்டு குட்டிச் சத்தமும் வந்தால் படம் காட்டுகிற பகுதியில் குறை என்று பல பெட்டிகளில் சொல்வார்கள். கம்பனிக்குக் கம்பனி இந்தக் கணக்கு மாறும். ஆனபடியால் எத்தனை சத்தம், நீளமா குட்டையா என்று ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெம் என்பது ஒரு விரலை விட நீளமான மெல்லிய தகடு. கீழ்ப்பக்கம் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். நம் பகுதியில் பனியும் ஈரமும் அதிகம். மாதக்கணக்கில் மழை. அந்தப் பல்லில் மங்கல் பிடித்துவிடும். அதுதான் பழைய கொம்பியூட்டருக்கு வருகிற பெரிய நோய். வைத்தியம் சுலபம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நம் உடம்பில் இருக்கிற மின்சாரம் அதைக் கெடுத்துவிடும். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விலக்கினால் தகடு மேலே வரும். பென்சில் அழிக்கிற ரப்பரால் அந்தப் பல்லை மெதுவாகத் தேயுங்கள். ரப்பர்த் தூளைத் துடைத்துவிட்டு, வெட்டு இருக்கிற பக்கம் பார்த்துச் செருகி, கொக்கி "டிக்" என்று விழும்வரை அமுக்குங்கள். தகடு இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்று கெட்டிருந்தாலும் மற்றதோடு எழும்பும்.

திறந்த கையோடு இன்னும் இரண்டு இடத்தைப் பாருங்கள். பலகையில் சின்னச் சின்னத் தகர டப்பா மாதிரி நிற்கும். அவற்றின் மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். வீங்கி இருந்தாலோ பழுப்பாக ஏதோ ஒழுகி இருந்தாலோ அது நம் கைக்கு அடங்காது. விஷயம் தெரிந்தவர் பற்றவைத்து மாற்ற வேண்டும். 2000 ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் செய்த பலகைகளில் இந்த நோய் உலகம் முழுக்க அதிகமாக இருந்தது. இரண்டாவது, நடுவில் உள்ள காற்றாடி. விறகு அடுப்புப் புகைக்கரியும் தூசும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருக்கும். அப்படி அடைத்தால் சூடு ஏறி, எழும்பிய கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால், காற்றாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

மூன்று: எழுத்து வந்து நிற்கிறது

கறுப்புத் திரையில் ஆங்கிலம் வந்தால் பயப்படாதீர்கள். அது மெஷின் தன் வாயால் நோயைச் சொல்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு அப்படியே எழுதி எடுங்கள், அல்லது போனில் படம் பிடியுங்கள்.

"கீபோர்ட்" என்ற சொல் இருந்தால் கீபோர்ட் வயர் கழன்றிருக்கும். அணைத்துவிட்டுச் செருகுங்கள். "நொன் சிஸ்டம் டிஸ்க்" என்றோ "டிஸ்க் பூட் ஃபெயிலியர்" என்றோ வந்தால், முதலில் செருகி மறந்த பென் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டு ஏற்றிக்கொண்டு வந்த பென் டிரைவை அப்படியே விட்டிருப்பார்கள். மெஷின் அதற்குள் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும். கழற்றிவிட்டுப் போட்டால் எழும்பிவிடும். அப்படி ஒன்றும் இல்லை என்றால் ஹார்ட் டிஸ்க் வயர் தளர்ந்திருக்கலாம்.

இன்னொன்று வரும், "பூட் எம்.ஜி.ஆர். இஸ் மிஸ்ஸிங்" என்று. முன்பு இருந்த தோட்டத்தில் பையன்கள் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். "கண்டிப் பக்கம் பொறந்த எம்.ஜி.ஆரைக் காணோமாம் சேர்!" என்றார்கள். அது எம்.ஜி.ஆர். அல்ல. பூட் மனேஜர் என்பதன் சுருக்கம். விண்டோஸைக் கூப்பிடுகிற கோப்பைக் காணவில்லை என்று அர்த்தம். அதற்கும் முதல் வைத்தியம் பென் டிரைவைப் பார்ப்பது, பிறகு டிஸ்க் வயரைப் பார்ப்பது. அதன் பிறகுதான் விண்டோஸ் டிஸ்க்கை வைத்துத் திருத்துவது.

"சீமொஸ்" என்றும் "செக்சம்" என்றும் எழுத்து வந்து, எஃப் 1 ஐ அமுக்கச் சொன்னால், அதுதான் என் கதையில் வந்த நோய்.

என் கதையின் மிச்சம்

அந்தக் கொம்பியூட்டரை ஓட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பத்து நிமிடம் பார்த்தார். "விண்டோஸ் போயிருச்சு சேர், ஃபோமட் பண்ணணும்" என்றார். ஃபோமட் என்றால் டிஸ்க்கில் உள்ளதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. "உள்ள இருக்கிற கணக்கு?" என்று கேட்டேன். "அது கெடைக்காது" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. செய்யச் சொல்லிவிட்டேனே என்று சொல்ல வேண்டிய நிலைமை வந்திருக்கும். நல்ல காலம், கடையில் அன்று கூட்டம். நாளைக்கு வாருங்கள் என்றார். நான் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற தங்கச்சி ஒருவர் லீவுக்கு வந்திருந்தார். கீழ் லயத்துப் பிள்ளை. அவரிடம் காட்டினோம். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "இதுல மணி சரியா காட்டுச்சா?" என்று கேட்டார். செயலாளர் தம்பி, "இல்ல, ஒரு மாசமா பிந்திப் பிந்தித்தான் ஓடிச்சு. போன்ல பாத்துத் திருத்துவேன்" என்றார். "அப்ப பெட்டரி" என்றார் அந்தத் தங்கச்சி.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் குற்றி மாதிரி வட்டமான பெட்டரி ஒன்று இருக்கிறது. சீ.ஆர். 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்திலும் மணியையும் சில செட்டிங்ஸையும் ஞாபகம் வைத்திருப்பது அதுதான். பல வருடம் உழைக்கும். பிறகு சாகும். சாகும்போது முதலில் மணி பிந்தும். பிறகு ஒரு நாள் எல்லாம் மறந்துபோகும். நாங்கள் மின்னலுக்குப் பயந்து வாசிகசாலையை மூடும்போது மெயின் சுவிட்சை அணைப்போம். அந்த இரவு பெட்டரி முழுவதுமாகக் கைவிட்டுவிட்டது.

அவ்வளவுதான் என்றால் திகதியைத் திருத்தினால் போதும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்ற செட்டிங்கும் அங்கேதான் இருந்தது. மறதியில் அது கம்பனியில் இருந்து வந்தபடி மாறிவிட்டது. விண்டோஸ் பழைய முறையில் பேசிப் பழகியது. புது முறையில் டிஸ்க்கைத் திறக்கத் தெரியாமல் நீலத் திரை காட்டி விழுந்து விழுந்து எழும்பியது. டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. கணக்குக்கும் ஒன்றுமில்லை.

தங்கச்சி புதுப் பெட்டரி போட்டார். போட்டவுடன் டிலீட் பொத்தானைத் தட்டி செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனார். சில கம்பனிப் பெட்டிகளில் எஃப் 2 அல்லது எஃப் 10. திகதியைத் திருத்தினார். டிஸ்க் முறையை மறுபக்கம் மாற்றினார். ஏ.எச்.சி.ஐ. என்றும் ஐ.டி.ஈ. என்றும் இரண்டு முறை இருக்கும். ஒன்றில் எழும்பாவிட்டால் மற்றதைப் போட்டுப் பார்க்கலாம், அதனால் டிஸ்க்கில் உள்ளது அழியாது. சேமித்து வெளியே வந்தார். கொம்பியூட்டர் எழும்பியது. அந்தப் பெட்டரி என்ன விலை? ஒரு பிளேன்டீயும் ரெண்டு வடையும் சாப்பிடுகிற காசு.

கணக்கைத் திறந்து பார்த்தோம். அந்த ஆத்தாவின் குடும்பம் ஒரு மாதம்கூடப் பாக்கி இல்லை. கடைசி மாதச் சந்தாவும் கட்டியிருந்தார்கள்.

சங்கத்துக் காசைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் தலைவரும் அந்த வீட்டுக்குப் போனோம். எட்டாம் நாள் சடங்குகூட முடிந்திருந்தது. அந்த மகன் காசை வாங்கிக்கொண்டு, "நான் சொன்னேனேங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் எடுத்த கடனுக்கு வட்டியை நானும் கமிட்டிக்காரர்கள் சிலரும் சேர்ந்து கட்டினோம். ஆனால் இழவு வீட்டில் பொய் சொல்கிறான் என்று நாலு பேர் பார்த்த பார்வைக்கு நாங்கள் என்ன கட்ட முடியும்? அன்றிலிருந்துதான் நான் இந்த விஷயத்தைக் கேட்டுக் கேட்டுப் படித்தேன்.

நாலு: விண்டோஸ் பாதியில் விழுகிறது

பெட்டரியும் செட்டிங்ஸும் சரி, ஆனாலும் விண்டோஸ் வரவில்லை என்றால் என்ன செய்வது? விண்டோஸ் எக்ஸ்.பி., விண்டோஸ் 7 உள்ள மெஷின் என்றால், போட்டவுடன் எஃப் 8 பொத்தானை விட்டு விட்டுத் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் கடைசியாக நல்லபடி வேலை செய்த நிலைக்குப் போ என்று ஒரு வரி இருக்கும், "லாஸ்ட் நோன் குட்" என்று தொடங்கும். அதை முதலில் பாருங்கள். சரிவராவிட்டால் "சேஃப் மோட்". அதில் எழும்பினால் உடனே முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். திருத்துவது அதற்குப் பிறகு. விண்டோஸ் 10 இல் எஃப் 8 சாதாரணமாக வேலை செய்யாது. சில தடவை எழும்பத் தவறினால் தானாகவே திருத்துகிற பக்கம் வரும்.

டிஸ்க்கிலிருந்து "டக், டக்" என்று ஒழுங்காகத் தட்டுகிற சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். அது சாகப் போகிற டிஸ்க். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப் பார்க்க உள்ளே இருப்பது இன்னும் கெடும்.

வரும் முன் காப்போம்

சித்திரைக்கு முன்பின்னாகவும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் நம் மலைகளில் இடி மின்னல் கடுமை. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். இன்டர்நெட் வயர் வந்தால் அதையும் கழற்றுங்கள். கரண்ட் போனாலும் கழற்றுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். அந்த நாட்களில் விட்டு விட்டு வந்த கரண்டை ஞாபகம் இருக்கும்தானே? திரும்பி வரும்போதுதான் அடி விழும்.

கொம்பியூட்டரை அடுப்படிப் பக்கமோ ஓதம் ஏறுகிற சுவர் ஓரமோ வைக்க வேண்டாம். தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். மழைக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு மணித்தியாலம் போட்டு வையுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காயும். மணி பிந்த ஆரம்பித்தால் பெட்டரியை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன், நன்றாக வேலை செய்யும்போதே செட்டிங்ஸ் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முக்கியமான கணக்கை மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று கொம்பியூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று கொப்பியில். பென் டிரைவை அதே மேசையில் வைக்காமல் வேறு வீட்டில் வையுங்கள். கொப்பியை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். கொப்பிக்குக் கரண்ட் தேவையில்லை.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

ஒரு தாய்: "ஐயா, மகன் தொட்டுத்தான் கம்பியூட்டர் கெட்டுப்போச்சுன்னு அவுங்க அப்பா அவன அடிச்சிட்டாரு. புள்ள கெடுத்திருப்பானா?"

பதில்: அம்மா, எழுதியோ படம் பார்த்தோ விளையாடியோ ஒரு பிள்ளை பெட்டரியைச் சாக வைக்க முடியாது, ரெம்மில் மங்கல் பிடிக்க வைக்க முடியாது. அவை வயதாலும் ஈரத்தாலும் வருவது. ஓடும்போது பிளக்கைப் பிடுங்குவது, தண்ணீர் ஊற்றுவது, உள்ளே எதையாவது போடுவது, இவைதான் கெடுக்கும். பிள்ளை பயந்தால் அடுத்த தடவை எழும்பாதபோது உங்களிடம் சொல்லாமல் மறைப்பான். அடிக்காமல், "என்ன எழுத்து வந்துச்சு?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு இளைஞர்: "கடைக்குக் கொண்டுபோனா என்ன சொல்லணும்?"

பதில்: நாலு விஷயம். ஒன்று, எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள், எழுதிய துண்டையோ படத்தையோ காட்டுங்கள். இரண்டு, "என்னைக் கேக்காம ஃபோமட் பண்ண வேண்டாம்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மூன்று, மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். நாலு, முதலில் பெட்டரியையும் ரெம்மையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் நேர்மையானவர்கள். ஆனால் நாம் விஷயம் தெரிந்து பேசினால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

இன்னொருவர்: "இவ்வளவு பழசோட மல்லுக்கட்டுறதுக்குப் புதுசு வாங்கினா என்ன?"

பதில்: காசு இருந்தால் வாங்கலாம், தம்பி. பழையதில் ஒரு குறை உண்மையிலேயே இருக்கிறது. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபரிலும் கம்பனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே பழைய மெஷினில் பேங்க் விஷயம், காசு அனுப்புகிற விஷயம் செய்ய வேண்டாம். ஆனால் கடிதம் எழுத, டைப் பழக, கணக்குப் போட, பிள்ளைகள் பாடம் செய்ய அது தாராளமாகப் போதும். ஒரு சின்னப் பெட்டரிக்காக அதைத் தூக்கி எறியலாமா?

இத்துடன் முடிக்கிறேன். அடுத்த ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு இதே இடத்தில் ஒரு பழைய பெட்டியைத் திறந்து, ரெம்மைக் கழற்றி மாட்டவும் பெட்டரியை மாற்றவும் கையால் செய்து காட்டுவோம். வீட்டில் எழும்பாத பெட்டி இருந்தால் கொண்டுவாருங்கள். பெண் பிள்ளைகளையும் கட்டாயம் அனுப்பி வையுங்கள். எங்கள் கணக்கைக் காப்பாற்றியது ஒரு பெண் பிள்ளைதான்.